ஜூ டவுனில் ஆர்கானிக் மிளகு வாங்குறீங்களா? அதுக்கு முன்னாடி ஆல்பர்ட் ஹோவர்ட் யாருன்னு தெரிஞ்சுக்கோங்க

கொச்சிக்கு வீக்எண்ட் ட்ரிப் போறவங்க மட்டாஞ்சேரியைத் தவறவிடுவதில்லை. டச்சு அரண்மனையைப் பார்த்துட்டு அப்படியே நடந்தால் ஜூ டவுன். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம், அதன் மணிக்கூண்டு, வழியெல்லாம் பழம்பொருள் கடைகள். ஆனால் இந்தத் தெரு கண்ணுக்கு முன்னாடி மூக்குக்குத்தான் அறிமுகமாகும். சுக்கு, ஏலக்காய், கிராம்பு, மிளகு. இங்கே வாழ்ந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேல் உருவான பிறகு அங்கே போய்விட்டன. மசாலா வாசனை மட்டும் போகவில்லை. மிளகு வர்த்தகர்களின் சங்கக் கட்டிடமும் இந்தத் தெருவில்தான் இருக்கு. வியாபாரிகள் நேருக்கு நேர் நின்று விலையைக் கூவி மிளகை விற்று வாங்கிய காலம் ஒன்று இங்கே இருந்தது.

இன்று நீங்க அந்தக் கடைகளில் ஒன்றில் நிற்கிறீங்கன்னு வச்சுக்குவோம். முன்னால் இரண்டு மிளகு பாக்கெட். பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே சுருக்கம். ஒன்றில் மட்டும் ஆர்கானிக் என்று அச்சடித்திருக்கு, விலையும் கூட. என்ன வித்தியாசம்னு கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: பூச்சிமருந்து, ரசாயன உரம் போடாதது.

அது பாதி பதில்தான். மீதி பாதி எங்கே தொலைந்தது என்று தெரியணும்னா, பீகாரிலும் இந்தூரிலும் 26 வருஷம் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார தாவரவியலாளரின் கதையைப் பார்க்கணும். உலகம் அவரை இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று கொண்டாடுது. அவரோ, தனக்குப் பாடம் எடுத்தது இந்திய விவசாயிகள்தான் என்று கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

விவசாயி மகன், ஆனால் லேபில் அடைபட்டவர்

ஆல்பர்ட் ஹோவர்ட் பிறந்தது 1873 டிசம்பர் 8-ல், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில். அப்பா விவசாயி. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். முதல் பெரிய வேலை 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில், பார்படாஸைத் தலைமையிடமாகக் கொண்ட வேளாண் துறையில். கரும்பைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராயும் பணி.

அங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல். நோய்க்கு மருந்து சொல்ல வேண்டிய ஆள் அவர். ஆனால் அந்த மருந்து வேலை செய்யுமா என்று பார்க்க அவருக்கென்று ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதி, யாரோ ஒருவரின் வயலுக்கு அனுப்பி வைக்க வேண்டியதுதான். கோட் எழுதுறவர் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமலே கஸ்டமருக்கு அனுப்புற மாதிரி. ஐ.டி.யில் இருக்கிறவங்களுக்கு அந்தப் பயம் புரியும்.

1903-ல் இங்கிலாந்து திரும்பி வை கல்லூரியில் சேர்ந்தார். பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை ஆராயும் வேலை. ஹாப்ஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்ப்பது பெண் செடிதான் என்பதால் ஆண் செடிகளைப் பிடுங்கி எறிவது விவசாயிகளின் வழக்கம். ஆண் செடியைத் திரும்பக் கொண்டுவந்தால் மகரந்தச் சேர்க்கை நடந்து கொடி வேகமாக வளருது, பூச்சி, பூஞ்சைத் தாக்குதலும் குறையுது என்று ஹோவர்ட் காட்டினார். வேண்டாதது என்று தோட்டத்திலிருந்து தூக்கி எறிவது உண்மையில் வேண்டாததுதானா? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

பூசாவில் கிடைத்த 75 ஏக்கர்

1905-ல் இந்தியா வந்தார். பீகாரின் பூசாவில் அப்போதுதான் ஆங்கிலேய அரசு பெரிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஹோவர்டின் பதவியின் பெயர் இம்பீரியல் எகனாமிக் பொட்டானிஸ்ட். பெயர் ஆடம்பரமாக இருந்தாலும் வேலை எளிமையானது: நல்ல கோதுமை ரகங்களை உருவாக்கணும். அதை நன்றாகவே செய்தார். பூசா 4, பூசா 12 ரகங்கள் பல மாகாணங்களுக்கும் பரவின.

ஆனால் அவர் வந்தவுடன் கேட்டது நிலம். பார்படாஸில் பட்ட பாடு போதும் என்று நினைத்திருப்பார். 75 ஏக்கர் கிடைத்தது. அதில் என்ன செய்வது என்று அக்கம்பக்கத்து வயல்களைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு விஷயம் அவரை நிறுத்தியது. பூசாவைச் சுற்றியிருந்த சாதாரண விவசாயிகளின் பயிரில் பூச்சியும் நோயும் ரொம்பக் குறைவாக இருந்தன. அவர்களிடம் ஸ்ப்ரேயர் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, மூட்டை உரம் கிடையாது.

படித்த அதிகாரி ஒருவர் இந்த இடத்தில் பொதுவாக என்ன செய்வார்? இவங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தன் திட்டத்தைத் தொடங்கியிருப்பார். ஹோவர்ட் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு மாணவரானார். அந்த விவசாயிகளையும், பயிரைத் தாக்கும் பூச்சி பூஞ்சைகளையும் தன் ஆசிரியர்களாக வைத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். பூச்சி எப்படி ஆசிரியர் ஆகும்? பயிர் தளர்ந்த இடத்தில்தான் பூச்சி ஏறுது. ஆகவே பூச்சியைக் கொல்லும் முன், மண்ணிலோ ரகத்திலோ தண்ணீரிலோ எங்கே தப்பு என்று அதையே வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. நம்ம பாஷையில் சொன்னால், பூச்சி ஒரு எரர் மெசேஜ். ஸ்க்ரீனை உடைச்சா பிழை சரியாகாது.

விவசாயிகளிடம் அவர் பார்த்தது பெரிய ரகசியம் எதுவுமில்லை. தானியத்தோடு பயறைக் கலந்து விதைப்பது, வயலில் எடுத்ததை மாட்டின் வழியாக வயலுக்கே திருப்பிக் கொடுப்பது, மண்ணை வெறுமையாக வெயிலில் காயவிடாமல் இருப்பது. ஒரே பயிரை மட்டும் வைக்காத, தழையும் எச்சமும் விழுந்த இடத்திலேயே மட்கும் காட்டைத்தான் அவர்கள் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. நம்ம ஊர்ப் பக்கம் ஆட்டுக் கிடை போடுவதும், கொழிஞ்சித் தழையைச் சேற்றில் மிதித்து விடுவதும் இதே வழிதான். உங்க தாத்தா இதுக்கெல்லாம் ஒரு பேப்பரும் பப்ளிஷ் பண்ணலை, அவ்வளவுதான்.

சில வருஷங்களில் ஹோவர்டின் நிலத்திலும் பயிர்கள் மருந்தில்லாமல் தேறின. அடுத்து அவர் கை வைத்தது மாடுகளில். மாடு வைத்துக்கொள்ள அனுமதி வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. அது வேறு துறையின் விஷயம். கிடைத்த உழவு மாடுகளுக்குத் தன் நிலத்தில் விளைந்த தீவனத்தையே போட்டார். பக்கத்துப் பண்ணையில் கோமாரி வந்தபோது, குட்டையான வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நோயுற்ற மாடுகளோடு இவர் மாடுகள் மூக்கோடு மூக்கு உரசின. இவர் மாடுகளுக்கு நோய் வரவில்லை. ஹோவர்ட் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை இது.

இங்கே ஒரு நிமிஷம். இது ஒரு பண்ணையில் ஒருவர் கண்ணால் பார்த்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மந்தையை வைத்துச் செய்த சோதனை இல்லை. கோமாரி வைரஸ் நல்லா சாப்பிடுற மாட்டையும் விடாது. ஊரில் மாடு இருந்தால் தடுப்பூசி போடாம விட்டுடாதீங்க.

கேப்ரியேல்

ஹோவர்ட் என்று நாம் ஒருமையில் சொல்லும் பலது உண்மையில் இருவர் வேலை. 1905-ல் அவர் மணந்த கேப்ரியேல் மத்தாய், கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் படித்த தாவர உடலியல் ஆய்வாளர். ஒளிச்சேர்க்கை வெளிச்சத்தையும் வெப்பத்தையும் எப்படிச் சார்ந்திருக்கு என்று பிளாக்மேனோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகள் அந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. அந்தத் தகுதியோடு இந்தியா வந்தவருக்கு 1910-ல்தான் ஒரு பதவி கிடைத்தது, அதுவும் கணவரின் உதவியாளராக. 1913-ல் இரண்டாவது இம்பீரியல் எகனாமிக் பொட்டானிஸ்ட் ஆனார்.

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். மரங்களின் வேரை மண்ணைக் கழுவிக் கழுவி வெளியே எடுத்து, எந்த மாதத்தில் எந்த வேர் வேலை செய்யுது என்று பார்த்தார்கள். வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேணும் என்பது அந்த வேலையில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அடுத்து வரப்போகும் கம்போஸ்ட் கதைக்கு இதுதான் அடித்தளம். 1930-ல் கேப்ரியேல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். பின்பு கேப்ரியேலின் தங்கை லூயிஸை மணந்தார். உலகத்தின் நினைவில் பெரிதாக நின்ற பெயர் ஆல்பர்ட் ஹோவர்டுதான்.

இந்தூர்: குப்பையில் ஒரு கண்டுபிடிப்பு

பூசாவில் ஹோவர்டுக்கு ஒத்துவராதது அங்கிருந்த சுவர்கள். பூச்சிக்கு ஒருவர், பூஞ்சைக்கு ஒருவர், ரசாயனத்துக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர். ஒரு செடி வாடினால் நாலு துறையும் நாலு அறிக்கை எழுதும். செடி ஒன்றுதான், மண் ஒன்றுதான் என்பது யார் மேஜையிலும் இல்லை. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆகவே சொந்தமாக ஒரு நிலையம் வேணும் என்று போராடி, பருத்திக் குழுவின் நிதியும் மத்திய இந்திய சமஸ்தானங்களின் உதவியும் சேர்த்து, 1924-ல் இந்தூரில் தாவரத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தூர் சமஸ்தானம் கொடுத்த 300 ஏக்கர். கறுப்பு மண், பருத்திப் பூமி. நிதி கொடுத்தவர்களுக்குத் தேவை நிறைய பருத்தி. ஹோவர்ட் கவலைப்பட்டது, பருத்தி எடுத்த பிறகு என்ன ஆகுது என்பதைப் பற்றி.

விவசாயியின் வீட்டில் சாணம் பெரும்பாலும் வரட்டியாகி அடுப்புக்குப் போகும். மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து நிலம் முழுக்க எப்படி உரம் போடுவது? பதில்: சாணத்தை உரமாகப் போடாதே, உறைமோர் மாதிரிப் பயன்படுத்து. தழை, களை, பருத்திமார், துவரைமார், கரும்புச் சோகை என்று வீணாகும் செடிப்பொருள் மூன்று பங்குக்கு மேல். அதற்குச் சாணமும் மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவ மண்ணும் ஒரு பங்கு. கூடவே அடுப்புச் சாம்பல். ஏறக்குறைய 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழக் குழியில் அடுக்கடுக்காகப் போடணும், ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்கணும். மிதித்து இறுக்கக் கூடாது. உள்ளே காற்று போகணும். முதல் மாதத்தில் இரண்டு முறை, அடுத்த மாத முடிவில் ஒரு முறை புரட்டணும். மூன்று மாதத்தில் கைக்கு வருவது நாற்றமில்லாத, மழை பெய்த காட்டு மண் வாசனை அடிக்கும் கறுப்புப் பொடி.

நம்ம ஊர் எருக்குழிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்கலாம். எருக்குழியில் கொட்டிவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடுவோம். காற்றில்லாமல் அழுகும், சத்து மழையில் கரையும், வெயிலில் ஆவியாகும். இந்தூர் முறையில் நுண்ணுயிருக்குச் சாப்பாடு, தண்ணீர், காற்று மூன்றையும் அளந்து கொடுக்கிறோம். குவியலின் சூட்டில் களைவிதைகள் பெரும்பாலும் செத்துப்போகும். பருத்திமார் கட்டை மாதிரி இருக்கும், எளிதில் மக்காது. அதுக்கும் வழி வைத்திருந்தார்கள்: பண்ணைப் பாதையில் அதைப் பரப்பிவிடுவது. போகிற வருகிற மாட்டு வண்டிச் சக்கரம் நசுக்கிக் கொடுத்துவிடும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த விவரம் இது. மெஷின் இல்லை, செலவு இல்லை, தினமும் எப்படியும் ஓடப்போகிற வண்டி.

இந்த முறையை உலகத்துக்குச் சொன்ன 1931-ம் ஆண்டுப் புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயர்கள்: ஹோவர்ட், யஷ்வந்த் டி. வாட். இந்தூரில் அவரோடு வேலை செய்த வேதியியலாளர் வாட். உலகம் ஒரு பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. 1935-ல் காந்தி இந்தூர் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார், அந்தக் கம்போஸ்ட் முறை ஹரிஜன் இதழிலும் இடம்பெற்றது.

மூணாறு வழியாக மறுபடி கொச்சிக்கு

இனி நம்ம பக்கம் வருவோம். ஹோவர்டின் முறையைப் பெரிய அளவில் முதலில் எடுத்துக்கொண்டவர்கள் சிறு விவசாயிகள் இல்லை, தோட்ட முதலாளிகள். 1930களில் தேயிலைத் தோட்டங்களில் இதைத் தொடங்கி வைத்தவராக ஹோவர்ட் குறிப்பிடுவது சி.ஆர். ஹார்லர் என்ற விஞ்ஞானியை. இடம் மூணாறின் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள். அந்த மலைத் தேயிலைக்குக் கடல்வாசல் கொச்சிதான்.

1930களின் பிற்பகுதியில் ஹோவர்ட் மறுபடி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து தேயிலைத் தோட்டங்களைச் சுற்றினார். வேரைத் தோண்டிப் பார்த்தபோது, நன்றாக இருந்த செடிகளின் வேருக்குள் ஒரு பூஞ்சை நூல் ஓடுவதைக் கவனித்தார். மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சை. மண்ணில் எட்டாத சத்தையும் நீரையும் செடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். பூஞ்சையை எதிரியாக ஆராய்ந்து வேலையைத் தொடங்கிய மனிதருக்கு, 60 வயதுக்கு மேல் பூஞ்சை கூட்டாளியாகத் தெரிந்தது.

ஒரு விஷயத்தை ஹோவர்டின் புத்தகங்கள் லேசாகத் தொட்டுவிட்டுப் போகின்றன: உழைப்பு. கம்போஸ்ட் தானாக நடக்காது. தழை வெட்டணும், சுமக்கணும், டன் கணக்கில் புரட்டணும், மறுபடி சுமந்து மலை ஏற்றணும். மூணாறிலும் இலங்கையிலும் அந்தத் தோட்டங்களில் வேலை செய்த முதுகுகள் பெரும்பாலும் தமிழ் முதுகுகள்தான். சாணமும் கழிவும் அள்ளுகிற வேலை யார் தலையில் விழும் என்பது சாதி வைத்து முடிவாகிற நாடு இது. மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவ்வளவு எழுதியவர், அதைக் கையால் திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

பாதி எப்படித் தொலைந்தது?

1934-ல் அவருக்கு சர் பட்டம் வந்தது. 1940-ல் அவருடைய மிகவும் பேசப்பட்ட புத்தகமான அன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட் வெளியானது. மண்ணை நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் என்று மூன்று எழுத்தாகச் சுருக்கிப் பார்க்கும் அறிவியலின் மேல் அதில் பாய்ந்தார். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு நைட்ரஜன் செய்த தொழிற்சாலைகள் போர் முடிந்ததும் உரம் விற்க வந்ததை அவர் மறக்கவே இல்லை. ஆர்கானிக் விவசாயம் என்ற சொல் அவருடையது இல்லை. அதே 1940-ல் லார்டு நார்த்போர்ன் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. அமெரிக்காவில் 1942-ல் ஜே.ஐ. ரோடேல் பத்திரிகை தொடங்கி ஹோவர்டின் கருத்துகளை வீட்டுத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோனார். 1947 அக்டோபர் 20-ல், இந்தியா சுதந்திரமடைந்து இரண்டு மாதம் கழித்து, ஹோவர்ட் இறந்தார்.

அதுக்குப் பிறகு அவருடைய சிந்தனை சந்தைக்குள் நுழைந்தது. சந்தைக்கு எது வேணும்? அளக்கக்கூடியது, சோதிக்கக்கூடியது. மிளகில் பூச்சிமருந்து எச்சம் இருக்கா என்று லேபில் பார்த்துவிடலாம். அந்தத் தோட்டத்து மண்ணில் மண்புழு இருக்கா, எத்தனை வகை மரம் நிற்கிறது, எத்தனை பறவை வருதுன்னு மிளகைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆக, போடாதே என்ற பாதி லேபிளில் ஏறியது. திருப்பிக் கொடு, கலந்து வளர், மண்ணை மூடி வை என்ற பாதி விதிமுறைப் புத்தகங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்தப் பாதியை விட்டால் என்ன ஆகும் என்பதை நம் கண் முன்னாடியே இலங்கை காட்டியது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. மாற்றாகப் போட அந்த அளவு கம்போஸ்ட் நாட்டிலேயே இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. இயற்கை விவசாயமே தோற்றுவிட்டது என்று அப்போது நிறைய பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோணலை. ஒரு குழிக்கே மூன்று மாதம் கேட்ட மனிதரின் முறையை, ஒரு நாடு முழுக்க ஒரே அரசாணையில் முடிக்கப் பார்த்தார்கள்.

ஹோவர்டும் எல்லாத்திலும் சரி இல்லை

ரசாயன உரம் போட்டால் நிலம் சீக்கிரமே செத்துவிடும் என்பது போல எழுதினார். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெடில் 1843 முதல் நடக்கும் கோதுமைச் சோதனை அதை அப்படியே ஆமோதிக்கவில்லை. அங்கே ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளும் தலைமுறை தலைமுறையாக நல்ல விளைச்சல் தந்திருக்கின்றன. ஆனால் தொழு உரம் பெற்ற பாத்தியின் மண்ணில் கரிமப் பொருள் இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டால் மனிதனுக்கு நோயே அண்டாது என்ற அளவுக்கும் அவர் போனார். அதற்கு ஆதாரம் பலமில்லை.

திடமான பயிரை நோய் தொடாது என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. மிளகையே எடுத்துக்குங்க. கேரளத் தோட்டங்களில் மழைக்காலத்தில் வரும் துரித வாட்டம், நேற்று பச்சைப்பசேல் என்று நின்ற கொடியைச் சில நாட்களில் சாய்த்துவிடும். ஆனால் அதற்கு இன்று சொல்லப்படும் வழிகளில் ஒன்றைக் கேட்டால் ஹோவர்ட் சிரித்திருப்பார். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மட்கிய எருவிலும் வேப்பம் புண்ணாக்கிலும் பெருக்கி வேரடியில் போடச் சொல்கிறார்கள். நோயைப் பிடிக்கப் பூஞ்சை.

சரி, பறவைக்கும் வண்டுக்கும் இதில் என்ன?

ஹோவர்ட் காட்டுயிர் ஆர்வலர் இல்லை. புலி, யானை பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியலை. அவருடைய காட்டுயிர் மண்ணுக்குள் இருந்தது: மண்புழு, பூஞ்சை, பாக்டீரியா. ஆனால் அடியில் அந்தச் சாப்பாடு இருந்தால் மேலே தவளை, ஓணான், மைனா, ஆந்தை எல்லாம் தானாக வரும். 2014-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, இயற்கைப் பண்ணைகளில் உயிரின வகைகள் சராசரியாக 30% அதிகம் என்று கணக்கிட்டது. விளைச்சல் சராசரியாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையுது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அந்த இழப்பை யார் ஏற்பது? அந்தக் கூடுதல் விலை உண்மையில் இதுக்குத்தான் இருக்கணும்.

மிளகு விஷயத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மிளகுக்கொடி தனியாக நிற்காது, ஏற ஒரு தாங்கு மரம் வேணும். கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் அது பலாவாகவோ மாமரமாகவோ, கல்யாண முருங்கைன்னு நாம சொல்ற முருக்காகவோ இருக்கும். பழம், பூ, பொந்து, உதிரும் தழை எல்லாம் அதிலேயே இருக்கு. முருக்கு பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் அங்கேதான். பல இடங்களில் இப்போது வரிசை வரிசையாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். வேகமாக நேராக வளரும், மரத்தையும் விற்கலாம், விவசாயிக்கு லாபக் கணக்கு அதில் இருக்கு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே மரம் நிற்கும் தோட்டத்துக்கும் பத்து வகை மரம் நிற்கும் தோட்டத்துக்கும் பறவை போடும் கணக்கு வேறு. இரண்டு தோட்டத்து மிளகுக்கும் ஆர்கானிக் சான்று கிடைக்க முடியும்.

இதே கலப்பு விவசாயத்தை நெல்லில் பார்க்கணும்னா ஜூ டவுனிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். கொச்சியைச் சுற்றி வைப்பின், கடமக்குடி, ஏழிக்கரை பக்கம் பொக்காளி வயல்கள் இருக்கின்றன. கடல் உப்பு ஏறி இறங்கும் நிலம். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் உயரமாக வளரும் பொக்காளி நெல். அறுக்கும்போது கதிரை மட்டும் அறுத்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மதகு வழியாக உப்புநீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். மட்கும் தாளில் வளரும் உயிர்களைத் தின்று பெருக்கும். இறால் விட்டுப்போகும் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். உரமும் இல்லை, மருந்தும் இல்லை. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வருஷம் முழுக்க. ஹோவர்ட் குழி வெட்டி மூன்று மாதத்தில் செய்ததை இங்கே கடல் செய்யுது. ஆனால் நெல்லைவிட இறாலில் காசு அதிகம். கூலிக்கு ஆளும் கிடைப்பதில்லை. பல வயல்களில் நெல்லை விட்டுவிட்டு வருஷம் முழுக்க இறால் வளர்க்கப் பார்க்கிறார்கள், உப்பு வடியாத நிலத்தில் பக்கத்து வயல்காரரும் நெல் விதைக்க முடிவதில்லை.

கடையில் நிற்கும்போது என்ன கேட்கணும்?

இந்தியா ஆர்கானிக் அல்லது ஜைவிக் பாரத் முத்திரை இருக்கான்னு முதலில் பாருங்க. மிளகு பலவருஷப் பயிர் என்பதால், ரசாயனத்தை நிறுத்திய பிறகு சான்று கிடைக்கப் பொதுவாக மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷமும் விவசாயி சாதாரண விலைக்குத்தான் விற்றிருப்பார், விளைச்சலும் குறைந்திருக்கும். முத்திரை இல்லாமல் வெறும் வாய்ச்சொல்லாக ஆர்கானிக் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தக் காசு தோட்டம் வரை போகுமா என்று யோசிங்க.

முத்திரை இருந்தால் இன்னும் ஒரே ஒரு கேள்வி: இந்தக் கொடி எந்த மரத்தில் ஏறியிருந்தது? கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. சாக்கு நாலைந்து கை மாறித்தான் மட்டாஞ்சேரிக்கு வந்திருக்கும். ஆனால் இடுக்கியிலோ வயநாட்டிலோ சொந்தத் தோட்டம் வைத்திருப்பவரின் உறவுக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால், நிமிர்ந்து பார்த்து, அந்த மரத்தின் பெயரோடு அதில் உட்காரும் பறவையையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.